பெரிய மீன் தொட்டிக்கு மோட்டார் வாங்குவதற்கு முன்

ஆறடித் தொட்டி வாங்குகிறவர்கள் கண்ணாடி எத்தனை எம்.எம்., ஸ்டாண்டு இரும்பா மரமா, ஹாலில் எந்தச் சுவர் என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். மோட்டாரை மட்டும், சென்னையில் மீன்கடைகள் நிறைந்த கொளத்தூரில் பில் போடுகிற நேரத்தில், "அப்படியே ஒரு மோட்டாரும் குடுத்துடுங்கண்ணே" என்று சொல்லி வாங்கிவந்துவிடுவார்கள். கடைக்காரரும் பாவம். என்ன மீன், சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி; மேலிருந்து தண்ணீர் அதில் இறங்கி, மோட்டாரால் மறுபடி மேலே ஏறும்) உண்டா, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறவேண்டும் என்று எதுவும் தெரியாமல், பெட்டியில் பெரிய எண் போட்ட ஒன்றை எடுத்துத் தருவார். இரண்டடித் தொட்டிக்கு இப்படி வாங்கினாலும் சமாளித்துவிடலாம். ஐந்நூறு லிட்டர் தண்ணீர் என்று வரும்போது முடியாது.

சென்னையில் இன்னும் இரண்டு தொல்லைகள் கூடவே வரும்: கோடை வெயிலும் மின்தடையும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், பெரிய தொட்டிக்கு ஒரே ஒரு பெரிய மோட்டார் வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வேலையைப் பிரித்து இரண்டாக வாங்குங்கள். அதற்கான கணக்கை முதலில் பார்த்துவிடலாம்.

முதல் வேலை: தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர்?

நம்மூரில் தொட்டியை அடிக்கணக்கில்தான் விற்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் 24 கன அடி, அதாவது சுமார் 680 லிட்டர். ஆனால் தொட்டியை விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை. மேலே மூன்று அங்குலம் விட்டால் 595 லிட்டருக்கு இறங்கிவிடும். மணல், கல், மரக்கட்டை எல்லாம் இடத்தைப் பிடித்தபிறகு 550 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கணக்கும் இந்த 550-ஐ வைத்துத்தான்.

(550 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 550 கிலோ. பழைய அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறீர்கள் என்றால், மோட்டாருக்கு முன்னால் ஒரு பொறியாளரிடம் பேசுவது நல்லது. தொட்டியை பீமை ஒட்டிய சுவரோரம் வைப்பது வழக்கம்.)

அடுத்தது: மணிக்கு எத்தனை சுற்று வேண்டும்?

ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் எத்தனை முறை ஃபில்டர் வழியாகப் போய்வருகிறது என்பதுதான் சுற்று. நன்னீர்த் தொட்டிக்கு நான்கிலிருந்து ஆறு சுற்று என்பது பொதுவாக எல்லாரும் பின்பற்றும் அளவு. சின்ன டெட்ரா, பார்ப் மாதிரி மீன்கள் குறைவாக இருந்தால் நான்கே போதும். ஆஸ்கர், பிளவர்ஹார்ன், தங்கமீன் போன்ற நிறையத் தின்று நிறைய அசுத்தம் செய்யும் ஆட்களுக்கு ஆறிலிருந்து எட்டு வரை போகலாம். நம் 550 லிட்டர் தொட்டிக்கு ஐந்து சுற்று என்றால் 2750. சரி, மணிக்கு 3000 லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

புதியவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்கிற இடம் இது. மணிக்கு எத்தனை லிட்டர் ஃபில்டருக்குள் போகிறது என்பது ஒன்று; தொட்டிக்குள் மீன்மேல் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் மோதுகிறது என்பது வேறு. அதே 3000 லிட்டரை அரை இன்ச் குழாய் வழியாக விட்டால் பீய்ச்சி அடிக்கும். ஒரு இன்ச் குழாயில் விட்டால் சாதாரணமாக ஓடும். நீளமான குழாயில் வரிசையாகத் துளை போட்டு, தண்ணீர் மட்டத்தை ஒட்டி விட்டால் மீனுக்குத் தெரியவே தெரியாது. ஒரண்டா தங்கமீனுக்கு இந்தக் கடைசி வகைதான் தேவை. அது செய்யும் அசுத்தத்துக்கு ஃபில்டர் பலமாக ஓடவேண்டும்; அதன் உருண்டை உடம்பை வைத்துக்கொண்டு வேகத்தை எதிர்த்து நீந்தவும் அதனால் முடியாது. ஏஞ்சல், டிஸ்கஸ், கௌராமி எல்லாமும் அமைதியான தண்ணீரை விரும்புபவை. மாறாக, நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலிருந்து வந்த, மிஸ் கேரளா என்று கடைகளில் விற்கும் டெனிசன் பார்புக்கு ஓட்டம் இருந்தால்தான் சுறுசுறுப்பே. ஆகவே மோட்டார் வாங்கப் போகுமுன் என்ன மீன் என்று முடிவு செய்துவிடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது

சோபோ, வீனஸ் அக்வா, சன்சன், எஹெய்ம் என்று எதை எடுத்தாலும் பெட்டியில் மூன்று எண்கள் இருக்கும். எல்.பி.ஹெச். என்பது மணிக்கு எத்தனை லிட்டர். ஹெச்-மேக்ஸ் என்பது தண்ணீரை எத்தனை மீட்டர் உயரம் தூக்கும். மூன்றாவது வாட். முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

காரணம் இதுதான். எல்.பி.ஹெச். எண், தண்ணீரை ஒரு செ.மீ.கூடத் தூக்காமல், குழாய் எதுவும் மாட்டாமல் ஓடும்போது கிடைப்பது. தூக்கவேண்டிய உயரம் ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். ஹெச்-மேக்ஸ் உயரத்தைத் தொட்டதும் சுத்தமாகப் பூஜ்யம். மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும், மேலே ஒரு சொட்டு வராது.

சம்ப் வைத்த தொட்டிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டாண்டு இரண்டரை அடி, தொட்டி இரண்டடி, கீழே சம்புக்குள் தண்ணீர் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிற்கிறது. ஆக மூன்றரை அடி, அதாவது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் இரண்டு மூன்று எல்போ, ஒரு வால்வு. இவற்றில் தேய்ந்து போவதையும் சேர்த்து ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். தோராயக் கணக்குக்கு, தூக்கவேண்டிய உயரம் ஹெச்-மேக்ஸில் எத்தனை பங்கோ, அத்தனை பங்கு தண்ணீர் குறையும் என்று கழித்துவிடலாம். உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். அதனால் பாதகமில்லை.

இப்போது மூன்று மோட்டாரைப் பாருங்கள். 3500 லிட்டர், ஹெச்-மேக்ஸ் 2 மீட்டர்: கிடைப்பது 900 லிட்டருக்குப் பக்கம். 6000 லிட்டர், 3 மீட்டர்: 3000. 5000 லிட்டர், 4 மீட்டர்: 3100-க்குக் கொஞ்சம் மேல். 5000 போட்டது 6000 போட்டதை முந்திவிடுகிறது. சில கம்பெனிகள் பெட்டியிலோ கையேட்டிலோ உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் வளைகோடு ஒன்று போட்டிருப்பார்கள். அது இருந்தால் இந்தக் கழித்தல் கணக்கே வேண்டாம், 1.5 மீட்டருக்கு நேராக என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர் என்றால் கதை வேறு. அதில் உறிஞ்சும் குழாய், வெளியே விடும் குழாய் இரண்டுமே தொட்டிக்குள்தான் முடிகின்றன. ஒரு பக்கம் இறங்குகிற தண்ணீரின் எடையே மறுபக்கம் ஏறுவதற்கு ஈடாகிவிடுவதால், உயரம் பெரிய பிரச்சினை இல்லை. அங்கே ஓட்டத்தைத் தின்பது உள்ளே அடைத்திருக்கும் ஸ்பான்ஜும் பஞ்சும்தான். புதிதாக மாட்டியபோதே பெட்டி எண்ணில் பாதி, அல்லது மூன்றில் இரண்டு பங்குதான் வரும் என்று எதிர்பாருங்கள். அழுக்கு ஏற ஏற இன்னும் குறையும்.

எந்த வகை வாங்குவது?

என் யோசனை: ஐந்நூறு லிட்டருக்கு மேல் என்றால் ஒன்று சம்ப், அல்லது இரண்டு கேனிஸ்டர். ஒற்றைக் கேனிஸ்டரை நம்பி ஆறடித் தொட்டியை ஓட்டாதீர்கள். அதைச் சுத்தம் செய்யத் திறக்கும் நாளில் தொட்டிக்கு வேறு ஆதரவே இருக்காது. இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிக் கழுவலாம், ஒன்று கெட்டாலும் மீன் பிழைக்கும். சம்பில் பெரிய மோட்டார் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னது இரண்டு, தனித்தனிக் குழாயில் போட்டாலும் இதே லாபம்தான். உள்ளேயே மூழ்கவிடும் பவர் ஹெட், மேலே தொங்கவிடும் டாப் ஃபில்டர் எல்லாம் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அவை மட்டும் போதாது.

சம்ப் மோட்டாரில் ஏ.சி.யா டி.சி.யா என்ற கேள்வி வரும். ஏ.சி. மோட்டார் விலை குறைவு, எளிமை, நேரடியாக பிளக்கில் மாட்டலாம். டி.சி. மோட்டாருக்கு அடாப்டரும் கண்ட்ரோலரும் தனியாக வரும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சத்தம் குறைவு, அதே ஓட்டத்துக்குக் கரண்டும் குறைவு. தீவனம் போடும்போது பத்து நிமிடம் நிறுத்திவைக்கும் பட்டனும் பலவற்றில் இருக்கிறது. ஆனால் கேபினட்டுக்குள் இருக்கும் ஈரத்தில் முதலில் போவது அந்த அடாப்டரோ கண்ட்ரோலரோதான். அவற்றைக் கேபினட்டுக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டிவிடுங்கள்.

கரண்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற சாமான். 40 வாட் மோட்டார் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 58 யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அதுவே குடித்துவிடும். விலை குறைவு என்று 80 வாட் மோட்டார் வாங்கினால், மிச்சப்படுத்திய பணம் பில்லில் போய்விடும்.

கரண்ட் போனால் ஹாலில் தண்ணீர் நிற்கக் கூடாது

சம்ப் வைக்கும் எல்லாரும் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம். மோட்டார் நின்றதும் மேலே போகும் குழாயில் தண்ணீர் திரும்பி இறங்கத் தொடங்கும். குழாயின் வாய் தொட்டித் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அதுவரை உறிஞ்சி இறக்கிவிடும். வாய் 5 செ.மீ. மூழ்கியிருந்தால், 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் அது 54 லிட்டர். சம்பில் அத்தனைக்கு இடம் இல்லையென்றால் மீதி உங்கள் டைல்ஸில்தான்.

இதற்கு இரண்டு காரியம் செய்யவேண்டும். குழாய் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மிக அருகில் வையுங்கள். அதோடு, மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே குழாயில் சின்னத் துளை ஒன்று போடுங்கள். மட்டம் அந்தத் துளைவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். பாசி அடைத்துக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை ஊசியால் குத்திவிடவேண்டும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு போட்டால் போதுமே என்பார்கள். அதில் ஒரு நத்தை ஓடு சிக்கினாலும் மூடாது. அதை மட்டும் நம்பாதீர்கள்.

பிறகு சோதனை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் இறங்கி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். சம்ப் விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலமாவது மிச்சம் இருக்கவேண்டும். மறுபடி மோட்டாரைப் போட்டு, ஓட்டம் நிலைத்தபின் சம்பில் தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு கிழியுங்கள். இனி என்றைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

கீழே இறங்கும் குழாய் எப்போதும் மேலே ஏறும் குழாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். மேலே ஏற ஒரு இன்ச் என்றால், இறங்க ஒன்றரை இன்ச் பிவிசி. அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில் வாய் வைத்த இன்னொரு குழாய், அவசரத்துக்கு. முதல் குழாயில் இலை அடைத்தால் அதுதான் காப்பாற்றும். ஏறும் குழாயில் 90 டிகிரி எல்போவைக் குறைத்து, வளைவான பென்ட் போட்டால் ஓட்டம் நன்றாக இருக்கும். ஓட்டத்தைக் குறைக்க வால்வு வைப்பதாக இருந்தால் மோட்டாருக்கு அப்புறம், வெளியேறும் பக்கத்தில் வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை அடைத்தால் மோட்டார் திணறிச் சூடாகிவிடும்.

மின்சாரப் பாதுகாப்பில் பேரம் கிடையாது. தொட்டி பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக இணைப்பு, உண்மையில் வேலை செய்யும் எர்த். ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணையுங்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும்

ஆறடி நீளத்தில் ஒரு முனையில் தண்ணீர் விழுந்து மறு முனை செத்துக் கிடப்பது சகஜம். ஃபில்டர் குழாயை ஒரு முனையில் வைத்து, தண்ணீர் முன் கண்ணாடியை ஒட்டி நீளவாக்கில் போய், மறு முனையில் திரும்பி, பின் கண்ணாடியை ஒட்டி வருமாறு திருப்பிவிடுங்கள். உறிஞ்சும் வாய் அது திரும்பி வந்து சேரும் இடத்தில் இருந்தால் அழுக்கும் அங்கேயே வந்து சேரும். மரக்கட்டைக்குப் பின்னால் மட்டும் அழுக்கு தங்குகிறதா? அங்கே ஒரு சின்ன பவர் ஹெட் அல்லது வேவ்மேக்கர் போதும். நான் இரண்டாவது மோட்டார் என்று முதலில் சொன்னதில் இதுவும் சேர்த்தி. இது தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை, அறையில் ஃபேன் ஓடுவதுபோல நகர்த்துகிறது, அவ்வளவுதான். தூக்க உயரம் இல்லாததால் ஐந்தாறு வாட்டிலேயே நல்ல ஓட்டம் தரும்.

ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சிட்டிகை மூழ்கும் தீவனத்தைப் பொடித்து, தண்ணீர் விழும் இடத்தில் தூவுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, துகள்கள் எங்கே வேகமாகப் போகின்றன, எங்கே நின்று அப்படியே கீழே இறங்குகின்றன என்று கவனியுங்கள். இறங்கும் மூலைதான் நாளைக்கு அழுக்கு சேரும் மூலை. அப்புறம் மீனைப் பாருங்கள். எல்லாம் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி, வெளியே வரும்போது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நீந்தினால் ஓட்டம் அதிகம். செடி இலைகள் மெதுவாக அசையவேண்டும். ஒரே பக்கமாகப் படுத்துவிடக் கூடாது. குட்டி மீன்கள் இருந்தால் உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஜ் மாட்ட மறக்காதீர்கள்.

மே மாதமும் மின்தடையும்

25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். சென்னைக் கோடையில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டி சாதாரணமாகத் தொடும் 32 டிகிரியில் அது 7.3-க்கு இறங்கிவிடும். சூடு ஏறினால் மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடும். அதனால் கோடையில் ஓட்டத்தின் முக்கிய வேலை தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பது. காற்று கரைவது பெரும்பாலும் அங்கேதான். குமிழி அழகாக மேலே வருவதைவிட, அது மேற்பரப்பை உடைப்பதுதான் பயன். குழாய் வாயை லேசாக மேல்நோக்கித் திருப்புங்கள். மூழ்கியிருக்கும் மோட்டாரின் வாட் எல்லாம் கடைசியில் தண்ணீரில் சூடாகத்தான் சேர்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். வாட் குறைந்த மோட்டாருக்கு இது இன்னொரு காரணம்.

கோடையில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். சம்ப் இருந்தால் மேலே மட்டம் அப்படியே இருக்கும். குறைவது சம்புக்குள் மோட்டார் இருக்கும் கடைசித் தடுப்பில் மட்டும். இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தால் மோட்டார் காற்றை உறிஞ்சிக் கறகறவென்று கத்திக்கொண்டிருக்கும், அல்லது கருகியிருக்கும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுவதால், தண்ணீரின் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் ஏறும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் மதியம்தான் வரும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் 40 வாட் பெரிய சுமையில்லை. ஒரு சாதாரண சீலிங் ஃபேனைவிடக் குறைவு. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஏ.சி. மோட்டார் உறுமிச் சூடாகும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் இரண்டு வாங்கி வையுங்கள். அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்கவேண்டும், அல்லது டியூபில் செக் வால்வு போடவேண்டும். இல்லையென்றால் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாக அதற்குள்ளேயே வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். நன்றாக இருக்கும் மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும்; அழுகும் தீவனத்தைத் தாங்காது.

ஓடிக்கொண்டே இருக்க

நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். மோட்டாருக்குள் சுற்றும் காந்த இம்பெல்லரில் வெள்ளையாகப் படிந்து, முதலில் சத்தம் வரும், பிறகு ஓட்டம் குறையும், ஒருநாள் கரண்ட் போய் வந்தபின் சுற்றவே சுற்றாது. ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, இம்பெல்லரைச் சமையல் வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நடுவில் இருக்கும் பீங்கான் கம்பி சட்டென்று முறியும், வளைக்காமல் நேராக இழுக்கவேண்டும். மோட்டார் வாங்கும்போதே, "தம்பி, இதுக்கு இம்பெல்லர் தனியா கிடைக்குமா?" என்று கேட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கிடைக்காது என்றால் வேறு கம்பெனி பாருங்கள். முடிந்தால் கடையிலேயே ஒரு பக்கெட் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உறுமலும் அதிர்வும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரின் அதில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்தே ஒரு பக்கெட் எடுத்து அதில் பிழிந்தால் போதும்.

ஓட்டம் குறைகிறதா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்றை எடுத்து, மேலே வரும் குழாயை அதில் விட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். 24 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 3000 லிட்டர். 30 வினாடி ஆனால் 2400. முதல் நாள் வந்த வினாடியைச் சம்ப் கோட்டுக்குப் பக்கத்திலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால், பிறகு எப்போது கழற்றிக் கழுவவேண்டும் என்று தெரிந்துவிடும்.

கேனிஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. மூடிய டப்பாவுக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளே இருக்கும் பாக்டீரியா சாகத் தொடங்கும். நீண்ட மின்தடைக்குப் பிறகு கரண்ட் வந்ததும் அதுவாக ஓடி, அந்த நாற்றத் தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். ஆகவே கரண்ட் போய் மூன்று நான்கு மணி நேரம் தாண்டினால் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். கரண்ட் வந்தபின் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, ஸ்பான்ஜ் முதலிய ஃபில்டர் மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி, அப்புறம் மாட்டுங்கள்.